மூன்றாவது குழாய்

தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்த ரோஷ்னி என்கிற பெண், எங்கள் வுனிமாகோ ஊரில் வீடு வீடாகப் போய் ஒரு தாளை நிரப்பினாள். ஊர்ப் பொதுவேலைக்கு நீங்கள் வராததற்கு என்ன காரணம் என்று அதில் கேட்டிருந்தது. கீழே ஐந்து கட்டங்கள். நேரமில்லை, உடம்பு சரியில்லை, மண்வெட்டி இல்லை, தகவல் தெரியாது, மற்றவை. நாற்பத்தொரு வீட்டில் முப்பத்தாறு வீடு 'தகவல் தெரியாது' என்பதில் குறி போட்டிருந்தது.

நான் தினமும் காலை ஆறு மணிக்கு லாலி அடிக்கிறேன். ஆள் நீளத்துக்குக் குடைந்த மர முரசு. ஒரு அடி விழுந்தால் அக்கரையில் மேய்கிற குதிரை தலையைத் தூக்கும். அதற்குப் பிறகு சர்ச் மேட்டில் ஏறி நின்று, பைப் பள்ளம் வெட்ட வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். இவர்களுக்குத் தகவல் தெரியாதாம். தகவல் நன்றாகத் தெரிந்ததால்தான் வரவில்லை. லாலி சத்தம் கேட்டதும் எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் பாய்கிற வேகத்தை ரக்பியில் காட்டியிருந்தால் மாகாணக் கோப்பை எங்கள் சர்ச் அலமாரியில் இருந்திருக்கும்.

ரோஷ்னி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நெதானி அண்ணே, வெளிப்படையாச் சொல்லிடறேன். பைப் நாங்க குடுத்தாச்சு. பள்ளம் நீங்க வெட்டணும்னுதான் பேச்சு. மூணு வாரத்துல எழுவது மீட்டர் வெட்டியிருக்கீங்க. இன்னும் எண்ணூத்திச் சொச்சம் கெடக்கு. வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் லாரியோட வருவேன். பள்ளம் முடிஞ்சிருந்தா பைப் எறங்கும். இல்லேன்னா லாரியில ஏறும்."

"ஏறி எங்க போகும்?"

"பட்டியல்ல அடுத்த ஊர் நாதோவி."

வேறு எந்த ஊர்ப் பெயரைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கினவன். அதற்கு முன்னால் கரும்பு வெட்டினேன். முதுகு போன பிறகு ஊருக்குத் திரும்பி வந்தேன். வந்தவனை ஊர்க்காரியம் பார்க்கச் சொன்னார்கள். மரியாதை என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கூட்டத்தன்று மற்ற எல்லாரும் மீன் பிடிக்கப் போயிருந்தார்கள்.

குழாய் எனக்கு வேண்டியது வாசெமாதாவுக்காக. என் பெண்சாதி. எங்கள் ஊரில் தண்ணீர் ஆற்றில் இருக்கிறது, ஊர் கரைக்கு மேலே இருக்கிறது, நடுவில் களிமண்ணில் வெட்டின எழுபத்தெட்டுப் படி. ஆகஸ்ட் மாதம் இரண்டு வாளியோடு ஏறும்போது அறுபதாவது படியில் வழுக்கினாள். வாளி ஆற்றுக்குப் போனது. இவள் பாதிவழியில் நின்றாள். அன்று பலாக்காய் மாதிரி வீங்கின முட்டி இன்றுவரை பாதிதான் வற்றியிருக்கிறது. இப்போதும் அவள்தான் இறங்குகிறாள், ஒரு வாளியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. நான் இறங்கினால் முதுகு பிடித்து அங்கேயே கிடக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குள் குழாய் வந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

மலையில் ஊற்று இருக்கிறது. அங்கிருந்து பைப் வந்தால் ஊருக்கு மூன்று குழாய். ஒன்று சர்ச்சுக்கு, ஒன்று பெரிய தலைவர் வீட்டுக்கு. இரண்டும் மேல்வரிசையில். மூன்றாவது கீழ்வரிசைப் பதினெட்டு வீட்டுக்கும் பொது. அதை எங்கே வைப்பதென்று ஊர்க்காரியம் பார்க்கிறவன் முடிவு செய்யலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் யோசித்து முடிவு செய்தேன். கீழ்வரிசையின் கடைசியில், கொஞ்சம் மேடான இடத்தில், நல்ல கெட்டியான தரையில் முளை அடித்தேன். அந்த இடம் எங்கள் அடுப்படிக் கதவுக்கு நேரெதிரே இருந்தது. மேடான இடம் சுத்தமாக இருக்கும், சேறு தங்காது. அந்தக் காரணத்தை நானே பத்துத் தடவை சொல்லிப் பார்த்து நம்பியும் விட்டேன்.

முளை அடித்த அன்று வாசெமாதா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"அத ஏன் அங்க நட்ட?"

"உன் காலுக்காகத்தான்."

"ஜனங்க என்ன சொல்றாங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"அதத்தான் கேக்குறேன். யாரும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

எங்கள் ஊரில் ஒருத்தர் மனசு நோகிற மாதிரி முகத்துக்கு நேரே பேச மாட்டார்கள். எதிர்ப்புக்கு இங்கே வாய் கிடையாது. முதுகுதான். சிரித்துத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள், அப்புறம் வர மாட்டார்கள்.

ரோஷ்னி போனதும் ருசியாதேயைப் போய்ப் பார்த்தேன். மேல்வரிசை, பெரிய சபையில் பிரசங்கம் பண்ணுகிறவர். அவர் தலையசைத்தால் முப்பது ஆண்கள் எழுந்து வருவார்கள்.

"நாங்க எப்பவோ தயார், நெதானி. கீழ்வரிசைக்காரங்க மொதல்ல எறங்கட்டும். அவங்க குழாய்க்குத்தானே பள்ளம் நீளம். அவங்க எறங்கினா பின்னாலயே நாங்க நிப்போம்."

கீழே பெனாயாவிடம் வந்தேன். இவர் புதுச் சபை. கை தட்டி, கிதார் வாசித்து, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஜெபிக்கிறவர்கள். கீழ்வரிசையின் நடுவில் வீடு.

"பெரிய சபை முன்னால போகட்டும் அண்ணே. அதுதானே மரியாத. நாங்க சின்னவங்க."

"உனக்கு ஏதாவது வருத்தமா, பெனாயா?"

"சே, எனக்கென்ன வருத்தம்? எடமெல்லாம் நீங்க பாத்துத்தானே வச்சிருப்பீங்க."

சொல்லிவிட்டு என் முளை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றார். மேகமே இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாதோவிக்காரர்களைக் கூப்பிடலாம்.

நாதோவிக்கும் எங்களுக்கும் தௌவு உறவு. பாதிரிமார் வருவதற்கு முன்னால் இரண்டு ஊருக்கும் ஒரே பூர்வ தெய்வம். அதனால் அவர்கள் எங்களை எப்படி வேண்டுமானாலும் கேலி செய்யலாம், என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். கோபப்படுவது கேவலம். போன வருஷம் ஒரு சாவுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்துவிட்டு, செத்தவருடைய சைக்கிளில் ஏறிப் போனார்கள். அப்படிப்பட்டவர்கள் வந்து நாலு வார்த்தை திட்டினால் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வரும், மண்வெட்டியைத் தூக்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். கொலினியோவுக்குப் போன் போட்டேன். நாதோவியின் பெரிய வாய் அவன்தான்.

"மச்சான், புதன்கிழமை வந்து எங்க ஆளுங்களக் கொஞ்சம் திட்டிட்டுப் போ."

"எவ்வளவு திட்டணும்?"

"மண்வெட்டி தூக்குற அளவுக்கு."

"அழுதா பரவாயில்லையா?"

"அழட்டும்."

"சாப்பாடு?"

"பன்னி ஒண்ணு போடறேன்."

"பெருசா, சின்னதா? சின்னதுன்னா சின்னதாத்தான் திட்டுவோம்."

"பெருசுதான்டா."

பைப் அவர்களுக்குப் போகப் போகிற விஷயத்தை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை இரண்டு மோட்டார்ப் படகில் இருபத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். பொதுக் கூடத்தில் முறைப்படி, விருந்தாளியோடு மரியாதைக்குக் குடிக்கிற யங்கோனா வேரை முன்னால் வைத்து, கரைத்து, கைதட்டி, முதல் சிரட்டை குடித்து முடிக்கிறவரை கொலினியோ சர்ச் மூப்பர் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தான். கடைசிச் சிரட்டை காலியானதும் சுலு வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"ருசியாதே, உன் வயிறு வாரா வாரம் வளருது. உன் பள்ளம் ஏன் வளரல?"

கூடம் அதிர்ந்தது. எல்லாரையும் பள்ளத்துக்குக் கூட்டிப்போய், அந்த எழுபது மீட்டரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தான்.

"இது பைப்புக்கா? நான் பாம்பு பொதைக்கன்னு நெனச்சேன். பெனாயா, நீ நாலு மணி நேரம் ஜெபம் பண்றியே, பள்ளம் தானா வெட்டிக்கணும்னு ஒரு நிமிஷம் கேக்கக் கூடாதா?"

பெனாயா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேதான் என் கணக்குத் தப்பியது. எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தௌவுக்காரர்கள் திட்டுவது வெயிலில் நடந்து வந்தவன் தலையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. இன்னும் ஊற்று என்று தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தோட்டத்துக்கு ஓடினவர்கள்கூட லாலி அடிக்காமலே திரும்பி வந்தார்கள். மூன்று வாரத்தில் அந்தப் பள்ளத்தருகே அவ்வளவு கூட்டம் கூடி நான் பார்த்ததில்லை. ஒருத்தன் கையிலும் மண்வெட்டி இல்லை.

இதற்குள் நாதோவிப் பெண்கள் என் வீட்டுக் கோழியில் ஐந்தைப் பிடித்துக் கால் கட்டியிருந்தார்கள். துறைமுகத்தில் வேலை விட்டபோது கொடுத்த என் ரப்பர் பூட்ஸ், கொலினியோவின் தம்பி காலில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

கொலினியோ மாமரத்தடிக்கு வந்தான். அங்கேதான் பைப் அடுக்கியிருந்தது. ஒன்று ஆறு மீட்டர், மொத்தம் நூற்றைம்பது.

"வெள்ளிக்கிழம எங்க ஊருக்கு வரவேண்டியது இது. இன்னைக்கே தூக்கிட்டா லாரிக்கு டீசல் மிச்சம். தூக்குங்கப்பா."

நாதோவிக்காரர்கள் தோளுக்கு நாலாகத் தூக்கிப் படித்துறைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லாமல் விட்டது அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. தௌவு எடுப்பதைத் தடுக்கக் கூடாது. நானே கூப்பிட்டவன் வேறு. யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ருசியாதே முன்னால் வந்தார். அப்பாடா என்று நினைத்தேன்.

"நடுவுல வளையுது பாருங்க, ஒடஞ்சிடும்" என்றவர் குனிந்து ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார்.

ஊர்ப் பொதுவேலைக்கு அவர் முதுகு வளைந்தது அதுதான் முதல் தடவை.

கொலினியோவே நின்றுவிட்டான். தோளில் இருந்ததைக் கீழே போட்டான்.

"டேய், கொள்ளயடிக்கிறோம்டா. மொனகக்கூட மாட்டீங்களா?"

"எடுத்துட்டுப் போங்க மச்சான். உங்களுக்கு இல்லாததா" என்றார் பெனாயா.

"நீங்க குடிக்கிற தண்ணிடா அது."

பெனாயா மறுபடி வானத்தைப் பார்த்தார். கொலினியோ அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு கீழ்வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான். என் அடுப்படிக்கு எதிரே சிவப்புத் துணி கட்டிய முளை நன்றாகத் தெரிந்தது. அவன் நேரே அங்கே நடந்தான். ஊர் முழுக்கப் பின்னால் போனது. நானும் போனேன், வேறு என்ன செய்ய.

"மூணாவது குழாய் இங்கயா?"

"மேடான எடம். சேறு தங்காது" என்றேன்.

"தங்காது. தண்ணியும் தங்காது. மேட்டுல ஏறி, மூச்சு வாங்கி, நெதானி பொண்டாட்டிக்கு வணக்கம் சொல்லிட்டு மத்த பதினேழு வீட்டுக்குத் தண்ணி போகணும், இல்லையா?" அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "அதான் ஒருத்தனும் பைப்பத் தடுக்கல. இது வுனிமாகோ பைப்பு இல்ல. நெதானி பைப்பு. நெதானி பைப்ப நாங்க தூக்கினா பெனாயாவுக்கு என்ன? என்னைக் கூப்பிட்டுத் திட்டச் சொன்னியே மச்சான், திட்ட வேண்டிய ஆளச் சொல்லாம விட்டுட்டியே."

யாரும் சிரிக்கவில்லை. மூன்று வாரமாக நாற்பது வீடு வாய்க்குள் வைத்திருந்ததை அவன் இரண்டு நிமிஷத்தில் கொட்டிவிட்டான். எங்கள் ஊர்க்காரன் சொல்லியிருந்தால் தலைமுறைக்குப் பகை. இவன் தௌவு. எனக்குக் கோபப்பட உரிமை இல்லை. நான் பூட்ஸ் இல்லாத என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுப்படிக் கதவு திறந்தது. வாசெமாதா கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்தாள். முளையைப் பிடித்து ஆட்டினாள். நான் நன்றாகத்தான் அடித்திருந்தேன். நாலைந்து தடவை ஆட்டிய பிறகுதான் வந்தது.

"உனக்காகத்தான் அங்க..." என்று ஆரம்பித்தேன்.

"நான் தண்ணிதான் கேட்டேன். வாசல்ல கேட்டேனா?"

முளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழ்வரிசை வழியாக நொண்டி நொண்டி நடந்தாள். ஒவ்வொரு வீட்டையும் கம்பால் காட்டி வாய்க்குள் எண்ணினாள். பெனாயா வீட்டு முன்னால் ஈரப்பலா மரத்தடியில் நின்றாள். அந்த வீட்டுக்காரியோடு அவளுக்குப் பேச்சு வார்த்தை நின்று எட்டு வருஷம். அவர்கள் பன்றி எங்கள் மரவள்ளியைக் கிளறினதில் வந்த வினை. அந்த அம்மாள் வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசெமாதா ஒரு கல்லை எடுத்து முளையை அடித்து இறக்கினாள்.

"இந்தப் பக்கம் ஒம்பது வீடு, அந்தப் பக்கம் ஒம்பது" என்றாள். பிறகு கொலினியோவைக் கூப்பிட்டாள்.

"நீங்க எடுத்தா நாங்க வாயத் தெறக்கக் கூடாது. நாங்க எடுத்தா நீங்க தெறக்கக் கூடாது. அதானே முறை?"

"அதான் முறை."

"அப்ப உங்க ரெண்டு படகு மோட்டாரும் எனக்கு."

கொலினியோவின் வாய் திறந்தது. முறை ஞாபகம் வந்து மூடிக்கொண்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் அதற்குள் படித்துறைக்குப் போய்விட்டார்கள். மோட்டாரைக் கழற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் அணைத்து எழுபத்தெட்டுப் படியும் ஏற்றினார்கள்.

"எப்ப திருப்பித் தருவ, வாசெமாதா?" கொலினியோவின் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

"பள்ளம் முடிஞ்சதும்."

"ஆத்துல எதிர்த் தண்ணிடி. மோட்டார் இல்லாம எப்படிப் போறது?"

"அதான் சொல்றேன். முடிச்சிட்டுப் போங்க."

முதலில் மண்வெட்டியை எடுத்தது பெனாயா. குழாய் அவர் வாசலுக்கு வந்த பிறகு அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் அவரையும் என்னை நினைத்த மாதிரிதான் நினைக்கும். அது அவருக்குத் தெரியும். கீழ்வரிசை முழுக்க அவர் பின்னால் இறங்கியது. கீழ்வரிசை இறங்கினதைப் பார்த்ததும் ருசியாதே தன் முப்பது பேரோடு ஊற்றுப் பக்கம் போய் மேலிருந்து வெட்ட ஆரம்பித்தார். புதுச் சபைக்கு முன்னால் பெரிய சபை நடுவழிக்கு வந்து சேரவேண்டும் என்பது அவர் வெறி. நடுவில் நாதோவிக்காரர்கள். வெட்டிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் திட்டினார்கள். இந்தத் தடவை திட்டு வேலை செய்தது, ஏனென்றால் கையில் மண்வெட்டி இருந்தது.

"பெரிய சபை, பாட்டுப் பாடி வெட்டாதீங்க. ரெண்டாவது சரணத்துலயே நிக்கிறீங்க."

"கொலினியோ, உன் பக்கம் பாம்புகூட உருப்படியாப் போகாது, கோணக் கோணலா இருக்கு."

"மோட்டாரக் குடு, நேரா வெட்டறேன்."

என் பன்றி புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை பெரிய தலைவர் வீட்டிலிருந்து இரண்டு பன்றி வந்தது. பெண்கள் சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த கீரையும் கொண்டுவந்து பள்ளத்தின் கரையிலேயே பரிமாறினார்கள். நான் முதுகைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பதினோரு மீட்டர் வெட்டினேன். யாரும் என்னோடு பேசவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று வெட்டினார்கள். எங்கள் ஊரில் அதுதான் மன்னிப்பு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேலிருந்து வந்த பள்ளமும் கீழிருந்து போன பள்ளமும் சந்தித்தன. ஒரு கை அகலம் தள்ளித்தான் சந்தித்தன. அது யாருடைய தப்பு என்று இன்றுவரை இரண்டு சபைக்கும் வாக்குவாதம்.

மத்தியானம் ரோஷ்னி லாரியோடு வந்தாள். அளவுகோலை இறக்கி இறக்கி ஆழம் பார்த்தாள். கையிலிருந்த வரைபடத்தையும் ஈரப்பலா மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணாவது குழாய் படத்துல கடைசியில இருந்துச்சே அண்ணே?"

"மேட்டுல தண்ணிக்கு வேகம் பத்தாதுன்னு தோணுச்சு. மாத்தினேன்" என்றேன்.

எனக்குப் பின்னால் இருபது தொண்டைகளுக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. அவள் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று நினைத்திருக்க வேண்டும். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மோட்டார்களை வாசெமாதா திருப்பிக் கொடுத்தாள். கோழிகளை அவர்கள் கொடுக்கவில்லை. பூட்ஸும் போனது போனதுதான்.

டிசம்பர் இரண்டாவது வாரம் தண்ணீர் வந்தது. முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு ஒரு தவளை, அதற்குப் பிறகு தண்ணீர். ருசியாதேயும் பெனாயாவும் தனித்தனியாக ஜெபம் பண்ணினார்கள், ஒரே நேரத்தில், ஒருத்தர் குரலுக்கு மேல் ஒருத்தர்.

ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசெமாதா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"முட்டி வலிக்குது."

"படியெல்லாம் இல்லையே இப்ப. தொண்ணூத்தி நாலு அடிதான். சமதரை."

"எண்ணி வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"அப்ப வழி தெரியும். போ."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"யாராவது ஏதாவது சொன்னா வந்து சொல்லு" என்றாள்.

ஈரப்பலா மரத்தடியில் கீழ்வரிசைப் பெண்கள் எல்லாரும் வாளியோடு நின்றிருந்தார்கள். ஆண் என்று நான் ஒருத்தன்தான். சமதரையில் வாளி தூக்கினால் முதுகு பிடிக்காது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். குழாயை ஒட்டி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெனாயா வீட்டு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஊர்க்காரியம்னாலும் வரிசதான்."

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"கேக்க மாட்டீங்க. முளை அடிப்பீங்க."

பதினேழு வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். தௌவு இல்லாத ஒருத்தி என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது ஊரில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கடைசி இடம். வாளியைக் கீழே வைத்துவிட்டு, வரிசை நகர நகரக் காலால் தள்ளிக்கொண்டு போனேன்.